மண்தரையில் ஓடும் வானொலி வண்டி

வானொலி என்றதும் நமக்குப் பேச்சும் பாட்டும் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், அவற்றைச் சுமந்து வருகின்ற அலைகளுக்குத் தாம் சுமப்பது சங்கீதமா, கட்டளையா என்ற பேதம் தெரியாது. 1898-ஆம் ஆண்டில் நிகோலா டெஸ்லா என்னும் விஞ்ஞானி நியூயார்க் நகரத்து மாடிஸன் ஸ்கொயர் கார்டனில் ஒரு நீர்த்தொட்டியிலே சிறு படகொன்றை மிதக்க விட்டு, கம்பித் தொடர்பு எதுவுமின்றி எட்ட நின்றே அதனைத் திருப்பிக் காட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே நமது கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவருக்கு அப்பாலிருந்து அலைகளை அனுப்பி மணியை ஒலிக்கச் செய்தும், வெடிமருந்தைப் பற்ற வைத்தும் காட்டியிருந்தார். ஆக, எட்ட நின்று ஏவல் செய்யும் இக்கலை வானொலிப் பெட்டியைவிட வயதில் மூத்தது.

அந்தக் கலையின் இன்றைய வாரிசுகளுள் ஒன்று, மண்தரையில் ஓடுகின்ற பந்தயச் சிறு வண்டி. ஆங்கிலத்தில் பக்கி என்பார்கள். மெய்யான வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுடையது. அகலம் கால் மீட்டர், எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. 1979-ஆம் ஆண்டில் ஜப்பானியக் கம்பெனியான தமியா, கடற்கரை மணலில் ஓடும் வண்டிகளைப் போன்ற இரண்டு மாதிரிகளை வெளியிட்டது. அவற்றின் பின்னரே மண்தரை வண்டிகளுக்கு உலகெங்கும் மோகம் பிறந்தது. 1984-இல் கலிபோர்னியாவிலிருந்து அஸோஸியேட்டட் கம்பெனியின் ஆர்.சி.10 என்ற வண்டி வந்தது. அலுமினியத் தகட்டை மடித்துச் செய்த உடலும், எண்ணெய் நிரப்பிய அதிர்வுத் தாங்கிகளும் கொண்டு, பந்தயத்திற்கென்றே பிறந்த வண்டி அது. மறு ஆண்டே, 1985-இல், இவ்வகை வண்டிகளுக்கான முதல் உலகப் பந்தயம் கலிபோர்னியாவிலுள்ள டெல் மார் என்னுமிடத்தில் நடைபெற்றது.

டில்லியில் வாழும் நான் இதில் அகப்பட்டுக்கொண்டது என் பேரனால். அவன் இங்கேயே பிறந்தவன். தமிழ் பேசுவான், ஆனால் பேச்சு நடுவழியில் ஹிந்திக்குத் தாவிவிடும். பிறந்த நாளுக்கு அவன் தகப்பனார் வாங்கிக் கொடுத்த வண்டி பெட்டியோடு என் மேஜைக்கு வந்தது. "தாத்தா, நீங்கள் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர்தானே, இதைப் பூட்டித் தாருங்கள்" என்றான். பூட்டும்போது திருப்புளி, மறை, பல்சக்கரம், அச்சு என்று ஒவ்வொரு பெயராக அவன் வாயில் ஏறிற்று. அதுவரை அச்சொற்களைச் சொல்வதற்கு அவனுக்கு ஒரு சந்தர்ப்பமே வாய்த்ததில்லை.

முதலில் இந்த வண்டிக்குக் கட்டளை போகின்ற வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுபவர் கையில் துப்பாக்கி வடிவமான டிரான்ஸ்மிட்டர் இருக்கும். அதன் பக்கத்திலுள்ள சிறு சக்கரம் திசைக்கு. விரலால் இழுக்கும் விசை வேகத்திற்கு. அதே விசையை முன்னே தள்ளினால் பிரேக். முன்னாட்களில் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒவ்வொருவரும் வெவ்வேறு கிரிஸ்டல் பொருத்தி ஓட்டினார்கள். இருவர் கிரிஸ்டல் ஒன்றாகிவிட்டால் ஒருவரது வண்டி மற்றவரது கட்டளைக்குத் திரும்பும்! இப்பொழுது 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இயங்கும் சாதனங்கள் வந்துவிட்டன. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒருமுறை தம்முள் உறவு செய்துகொண்டால், அந்த ரிசீவர் பிறர் குரலுக்குச் செவி சாய்ப்பதில்லை.

இந்த அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். ஆகவே ரிசீவரின் ஏரியல் கம்பி நுனியில், மேலுறை நீக்கப்பட்ட பகுதி அதில் கால் பங்கு, அதாவது மூன்று சென்டிமீட்டர் சொச்சமாக அளந்து விடப்பட்டிருக்கும். நீளமாக இருக்கிறதே என்று அதை நறுக்கிவிடுவோர் உண்டு. நறுக்கினால் ஐம்பது தப்படியிலேயே வண்டி செவிடாகிவிடும். அந்த நுனியைச் சிறு குழாயில் செருகி, மோட்டாருக்கும் உலோகத்திற்கும் எட்ட, நேராக நிறுத்தி வைப்பது நலம்.

ரிசீவர் தனக்கு வந்த கட்டளையைத் துடிப்புகளாக மாற்றி அனுப்புகிறது. ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால், அதில் ஒன்றரைக் கூறு நீளமுள்ள துடிப்புக்கு ஸெர்வோ என்னும் திருப்பும் யந்திரம் நடுவில் நிற்கும். ஒரு கூறானால் ஒரு பக்கமும், இரண்டு கூறானால் மறுபக்கமும் திரும்பும். இத்தகைய துடிப்பு விநாடிக்கு ஐம்பது முறையேனும் வந்துகொண்டே இருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் வேகக் கட்டுப்படுத்தியும் இதே துடிப்பைத்தான் படிக்கிறது. இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். அலை அறுந்துபோனால் வண்டி என்ன செய்யும்?

இந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்டதன் பயனை ஒரு மார்கழிக் காலையில் கண்டேன். எங்கள் குடியிருப்பின் ஓரத்தில் ஒரு வெற்று மைதானம். பனிமூட்டம் அப்பொழுதுதான் விலகியிருந்தது. பேரன் நேர் ஓட்டத்தில் விசையை முழுதும் இழுத்திருந்தான். அந்த நேரம் பார்த்து டிரான்ஸ்மிட்டரின் பாட்டரி தீர்ந்துவிட்டது. எங்கள் ரிசீவரோ, கட்டளை நின்றால் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பற்றிக்கொண்டிருக்கும் வகையைச் சேர்ந்தது. வண்டி முழு வேகத்துடன் மைதானத்தைக் கடந்து, கெட்டிலோடு வந்துகொண்டிருந்த தேநீர்க்காரரின் முழங்காலுக்குக் கீழே மோதிற்று. கொதிக்கும் தேநீர் அவர் மேல் சிந்தாமல் தரையில் கொட்டியது தெய்வாதீனம். காலில் தையல் போட நேர்ந்தது.

விளையாட்டு வண்டிதானே என்று எண்ணுகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரைக் கிலோ எடை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்பொழுது அதனிடமுள்ள சக்தி ஏறத்தாழ 145 ஜூல். வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறியும் கிரிக்கெட் பந்தில் இருப்பது 120 ஜூல் அளவே. பந்தை எதிர்கொள்பவர் காலுக்குத் தடுப்புக் கட்டிக்கொண்டு, கையில் மட்டையுடன் காத்திருக்கிறார். தேநீர்க்காரர் அவ்வாறு வரவில்லை.

இரண்டு மாதம் பேரன் வண்டியைத் தொடவில்லை. அந்த இடைவெளியில்தான் நான் விளக்கப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். அலை அறுந்தால் நடுநிலைக்கோ பிரேக்குக்கோ போகும்படி ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் என்பது அதிலேயே இருந்தது! டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் உறவாக்கும் சமயத்தில், விசையைப் பிரேக் பக்கம் சிறிது தள்ளி வைத்துக்கொண்டு அந்த நிலையை ரிசீவரில் பதிவு செய்துவிட வேண்டும். பதிந்துவிட்டது என்று நம்பியும் விடலாகாது. சக்கரங்கள் தரையைத் தொடாதபடி வண்டியைச் சிறு மேடை மீது ஏற்றி, விசையை மெல்ல இழுத்துச் சக்கரங்களைச் சுழல விட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்க்க வேண்டும். சக்கரங்கள் உடனே நிற்க வேண்டும். நில்லாவிடில் அன்றைக்கு வண்டி தரையில் இறங்கலாகாது. சோதனை முடிந்தபின், எப்பொழுதும் முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு வண்டி. அணைக்கும்போது முதலில் வண்டி, பிறகு டிரான்ஸ்மிட்டர். இப்பொழுதெல்லாம் அந்தத் தேநீர்க்காரர் மைதானத்திற்குள் வருமுன், பேரனைப் பார்த்து "சக்கரம் நின்றதா, தம்பி?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டுத்தான் காலெடுத்து வைக்கிறார்.

அடுத்தபடி அபாயமுள்ள பொருள் பாட்டரி. முன்னர் நிக்கல்-காட்மியம் ஆறு செல் சேர்ந்த 7.2 வோல்ட் பாட்டரிகள் இருந்தன. பொறுமையான பிறவிகள். இன்று லிதியம்-பாலிமர், சுருக்கமாக லிப்போ. இரண்டு செல், 7.4 வோல்ட். எடை குறைவு, ஆற்றல் மிகுதி, கோபமும் மிகுதி. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றலாகாது; 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறக்கலாகாது. வேகக் கட்டுப்படுத்தியில் பாட்டரி லிப்போ என்று குறித்துவிட்டால், அளவு குறைந்ததும் அதுவே மோட்டாரை நிறுத்திவிடும். இரு செல்களையும் தனித்தனியே அளந்து சமமாக ஏற்றுகின்ற சார்ஜர்தான் வேண்டும். 5000 மில்லி ஆம்பியர் மணி பாட்டரிக்கு 5 ஆம்பியரில் ஏற்றினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் ஆள் அருகிலிருக்க வேண்டும். நாமோ அடுக்கு மாடிகளில், மரப் பீரோவும் திரைச்சீலையும் நெருங்கிய சிறு அறைகளில் வாழ்கிறோம். ஆதலால் படுக்கையறையில் ஏற்றுவது அறவே கூடாது. சிமெண்டுத் தரையில், அகன்ற மண்தொட்டியொன்றில் வைத்து ஏற்றுவதும், பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் வைத்துக்கொள்வதும் எங்கள் வீட்டு வழக்கம். ஓடி வந்த பாட்டரி சூடு தணிந்த பின்னரே மீண்டும் ஏற்ற வேண்டும். அப்பளம் போல் உப்பிவிட்ட பாட்டரியைக் குத்திப் பார்ப்பதோ, இன்னும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போமே என்பதோ வேண்டா. அதனை மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

நிற்க. இனி வண்டியைச் செப்பனிடும் கலைக்கு வருவோம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் மோட்டாரைத்தான் மாற்ற விரும்புகிறார்கள். அனுபவமுள்ளவர் டயரைப் பார்ப்பார். தூசி படிந்த இறுகிய தரைக்குச் சிறு முட்கள் நெருங்கிய டயர். பொலபொலவென்ற மண்ணுக்கு உயர்ந்த முட்கள் இடைவிட்டு நிற்கும் டயர். டயரின் உள்ளே காற்றில்லை. பஞ்சு போன்ற ஸ்பாஞ்சுதான். விளிம்பை ஸ்பிரிட் தோய்த்துத் துடைத்து, உடனே இறுகும் பசையைச் சுற்றிலும் மெல்லியதாக விட்டு ஒட்ட வேண்டும். ஒட்டு விட்ட டயர் வளைவில் கழன்று புரளும். அதற்குப் பிறகு எந்தச் செப்பமும் பயன் தராது.

வண்டியின் உயிர்நிலை அதிர்வுத் தாங்கிகள், அதாவது ஷாக் அப்சார்பர்கள். ஒரு சிறு உருளை. உள்ளே ஸிலிகோன் எண்ணெய். எண்ணெயினூடே துளைகளுள்ள பிஸ்டன் மேலும் கீழும் நகர்கிறது. ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது. எண்ணெய் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. எண்ணெய் மெலிதாக இருந்தால் மேட்டிலிருந்து குதித்த வண்டி வயிறு தரையில் அறைய விழும். மிகத் தடித்திருந்தால் சக்கரம் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து செல்லாமல், வாய்க்கால் வரப்பில் மாட்டு வண்டி போவது போலத் தட்டித் தடுமாறும். நம் வடநாட்டுச் சீதோஷ்ணத்தில் ஒரு சிக்கல் உண்டு. சூடேறினால் எண்ணெய் இளகும், குளிரில் தடிக்கும். ஜனவரிக் காலையில் சரியாக இருந்த வண்டி, மே மாதம் 45 டிகிரி வெயிலில் தவளையாகத் தாவும். ஆகவே டில்லி, நாகபுரி போன்ற ஊர்களிலிருப்போர் கோடைக்குச் சற்றுத் தடித்த எண்ணெயும், குளிர் காலத்திற்கு மெலிந்ததும் மாற்றிக்கொள்வது உசிதம். பம்பாய்வாசிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு; அவர்களுக்கு மழை இருக்கிறது.

எண்ணெய் நிரப்புவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, உருளை நிறைய எண்ணெய் விட்டு, பிஸ்டனை மெல்ல மெல்ல மேலும் கீழும் நகர்த்தினால், துளைகளுக்குள் ஒளிந்திருக்கும் காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். பத்து நிமிஷம் அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் ஒரு வாய் காபி குடித்து வரலாம். பிறகு மூடியைத் திருகி, வழிவதைத் துடைத்துவிட்டு, தண்டை உள்ளே தள்ளிக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும். களக் களக்கென்று சத்தம் வந்தால் காற்று உள்ளே இருக்கிறது, மறுபடி முதலிலிருந்து. இடமும் வலமும் ஒரே நீளமாக, ஒரே வேகத்தில் திரும்பி வர வேண்டும். என் பேரனுக்கு இந்த வேலை என்னைவிட நன்றாக வருகிறது. அவன் காது கூர்மை.

வண்டியின் உயரத்தை அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. பாட்டரியுடன் வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து சமதரையில் விட்டு, அது தானாக அமர்ந்த பின் அடித்தட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். மண்தரைக்கு 20 முதல் 25 மில்லிமீட்டர். ஷாக்கிலுள்ள வளையத்தைத் திருகி இதைக் கூட்டிக் குறைக்கலாம். சக்கரத்தின் தலைப்பக்கம் உள்நோக்கி ஒன்று அல்லது இரண்டு டிகிரி சாய்ந்திருப்பது வளைவில் பிடிப்புத் தரும். பின்சக்கரங்கள் முன்புறம் சற்றே உள்நோக்கி, மூன்று டிகிரி அளவில் நின்றால், வண்டி நேராகப் பாயும். இவற்றை நிர்ணயிக்கும் கம்பிகளுக்கு ஒரு முனையில் வலமறையும் மறு முனையில் இடமறையும் இருக்கும். எல்லாக் கம்பிகளின் அடையாளக் கீற்றும் ஒரே பக்கம் வருமாறு பூட்டிவிட்டால், பிற்பாடு எந்தப் பக்கம் திருப்பினால் நீளும் என்று யோசித்து நிற்க வேண்டாம்.

பல்சக்கரங்களில் இரண்டு செய்திகள். மோட்டார் அச்சிலுள்ள சிறு சக்கரம் பினியன். அது சுழற்றுவது ஸ்பர். பினியனுக்கு 24 பற்கள், ஸ்பருக்கு 78 என்றால் விகிதம் 3.25. பெட்டிக்குள்ளிருக்கும் சக்கரங்களின் விகிதம் 2.6 ஆயின், இரண்டையும் பெருக்க வரும் 8.45 முறை மோட்டார் சுழன்றால்தான் பின்சக்கரம் ஒருமுறை சுழலும். பினியனில் பற்களைக் கூட்டினால் வேகம் கூடும். மோட்டாரின் மேல் பாரமும் சூடும் கூடும். ஐந்து நிமிஷம் ஓட்டிய பின் மோட்டாரின் சூடு 80 டிகிரியைத் தாண்டுமாயின், ஒன்றிரண்டு பற்கள் குறைந்த பினியனுக்குத் திரும்பிவிட வேண்டும். மற்றொன்று, பற்களுக்கிடையேயுள்ள நெருக்கம். நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு கீற்றுக் கிழித்து இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே கொடுத்து, மோட்டாரை நெருக்கித் திருகை இறுக்கி, தாளை உருட்டி வெளியே எடுத்துவிட வேண்டும். தாள் விட்டுச் செல்லும் அந்த இடைவெளியே போதும். தையல் மெஷின் போன்ற மெல்லிய சத்தம் வந்தால் சரி, கிறீச்சிட்டால் நெருக்கம், கடகடத்தால் தளர்ச்சி.

ஸ்பரோடு ஒட்டிய வழுக்குக் கிளட்ச் ஒன்றுண்டு. குதித்து விழும்போது சக்கரங்களில் ஏற்படும் அதிர்ச்சி பற்களை முறிக்காதபடி சிறிது வழுக்கிக் கொடுப்பது அதன் வேலை. நின்ற நிலையிலிருந்து விசையை முழுதும் இழுத்தால், முதல் ஓர் அடி தூரம் மட்டும் அது வழுக்கும் சத்தம் கேட்க வேண்டும். அதன் நட்டை முழுதும் முடுக்கிவிட்டால் வேகம் பெருகும் என்பது பிழை, பல் போகும். நமக்கு ஒரு பல் போனால் உதிரிச் சக்கரம் வெளிநாட்டிலிருந்து வந்து சேரச் சில வாரங்கள் ஆகின்றன.

செப்பனிடும்போது ஒரே சமயத்தில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யலாகாது. எண்ணெயையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றினால், நன்மை எதனால் வந்ததென்று சொல்ல முடியாமற் போகும். ஒரு நோட்டில் தேதி, தரையின் தன்மை, வெயில், செய்த மாற்றம், கண்ட பலன் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். எங்கள் நோட்டைப் பேரன்தான் எழுதுகிறான், தமிழில். 'வழுக்கு'க்கு எந்த ழகரம் என்று முதலில் கேட்டான். இப்பொழுது கேட்பதில்லை.

ஓட்டி முடிந்ததும் கவனிக்க வேண்டியவை. வடநாட்டுப் புழுதி மாவு போன்றது. பேரிங்குகளின் மூடியைக் கடந்தும் உள்ளே நுழையும். வண்டியைக் குழாயடியில் காட்டுவது தவறு. உலர்ந்த பெயிண்ட் பிரஷ் கொண்டு தட்டி, பந்து ஊதியால் இடுக்குகளை ஊதிவிட வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டிவிட்டால், அது தயக்கமின்றிச் சுழன்று மெல்ல நிற்கும். கரகரப்புத் தட்டினால் அந்த பேரிங்கைக் கழற்றிக் கழுவி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு துளி விட வேண்டும். இரண்டு துளி புழுதியை அழைத்து வரும். கல்கத்தா, பம்பாய் நேயர்கள் மழைக் காலத்தில் இதனை வாரந்தோறும் செய்யாவிடில் துரு ஏறிவிடும். திருகுகள் பெரும்பாலும் அறுகோணத் தலையுடையவை, 1.5, 2, 2.5 மில்லிமீட்டர்த் திருப்புளிகள் போதும். மலிவான திருப்புளி ஒரே மாதத்தில் மழுங்கித் திருகின் தலையையும் கெடுத்துவிடும். இதில் மட்டும் சிக்கனம் வேண்டா. இரும்பு இரும்பில் ஏறும் மறைக்கு, அதிர்வில் கழலாதபடி பூட்டும் பசை ஒரு சொட்டு இடலாம். பிளாஸ்டிக்கில் அது பட்டால் வெடிப்பு விடும்.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோருக்கு ஒரு வார்த்தை. வண்டியை அலமாரியில் வைத்துவிட்டுப் போவதாயின், அடித்தட்டுக்குக் கீழே ஒரு பெட்டியைக் கொடுத்துச் சக்கரங்களைத் தூக்கி வையுங்கள். இல்லாவிடில் டயரில் தட்டை விழும். பாட்டரியை முழுதும் ஏற்றியோ முழுதும் தீர்த்தோ வைக்காமல், செல்லுக்கு 3.8 வோல்ட் என்ற நடு அளவில் நிறுத்துங்கள். நல்ல சார்ஜர்களில் இதற்கெனவே ஒரு ஏற்பாடு இருக்கும். சித்தப்பா பிள்ளைகளுக்குக் காட்டக் கூடவே எடுத்துச் செல்வதாயின், ரயிலானாலும் விமானமானாலும் பாட்டரியை வண்டியிலிருந்து கழற்றி, முனைகளை நாடா ஒட்டி மூடிவிடுங்கள். விமானத்தில் உதிரி லிதியம் பாட்டரியைச் சரக்கில் போடும் பெட்டியில் வைக்கலாகாது. கையோடு கொண்டுபோக வேண்டும். 5000 மில்லி ஆம்பியர் மணி, 7.4 வோல்ட் பாட்டரியின் ஆற்றல் 37 வாட்-மணி. கையில் அனுமதிக்கப்படும் 100 வாட்-மணிக்குள் அது அடங்கும். பரிசோதனை செய்கிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்ல வசதியாக, பாட்டரி மேலுள்ள எழுத்து அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.